ஐந்து மணி வேலூர் பஸ்

உ

மத்திய சிறை, வேலூர்
12.6.2024

மரியாதைக்குரிய சுகாசினி அக்கா அவர்களுக்கு,

முனிரத்தினம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் உடம்புக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. என்னை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் வளர்கிற பிரவீனாவின் அப்பா நான்தான்.

ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். போன வாரம்தான் குழந்தைகள் நல ஆபீசர் மேடம் உங்கள் விலாசத்தைக் கொடுத்தார்கள். "எழுதுங்க, அவங்களுக்கு இஷ்டம் இருந்தா பதில் போடுவாங்க" என்றார்கள். இஷ்டமில்லை என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நடந்ததை உங்களிடம் சொல்லித்தான் பிள்ளையை ஒப்படைத்திருப்பார்கள். ஆனாலும் என் கையால் எழுதுவதுதான் முறை. 2023 காணும் பொங்கலன்று மச்சான் வீட்டுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பினோம். நான் குடித்திருந்தேன். என் மனைவி புவனா, "நீ ஓட்டாதபா, வண்டிய இங்கயே வுட்டுட்டு பஸ்ல போலாம்" என்றாள். நான் கேட்கவில்லை. மாகறல் ரோட்டில் நின்றிருந்த லாரியில் மோதினேன். புவனா அந்த இடத்திலேயே போய்விட்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை வயலில் போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு தப்பினாள். அப்போது அவளுக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை. எனக்கு நாலு வருஷம் போட்டார்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை. மச்சான் வீட்டில் என் பிள்ளையை ஏற்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது.

மூன்று கேள்வி இருக்கிறது அக்கா. பிரவீனா சாப்பிடுகிறாளா? வண்டிச் சத்தம் கேட்டால் பயப்படுகிறாளா? என்னைக் கேட்கிறாளா? மூன்றாவதற்கு உண்மையைச் சொல்லுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

இங்கே கடிதத்தை ஆபீசில் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் கூச்சப்படாமல் எழுதுங்கள், எனக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

தங்கள் தம்பி போல,
சீ. முனிரத்தினம்


திருப்புட்குழி
28.6.2024

தம்பி முனிரத்தினத்துக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நானும் பிரவீனாவும் சுகம். உங்கள் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன். நீங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர் என்று தெரியும், இருந்தாலும் கூட ஒரு ஜெபம் இருந்தால் குறைந்துவிடாது.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. குடித்துவிட்டு வண்டியை எடுக்கிற ஆண்களைப் பற்றி எனக்கு ஒரு பெரிய பிரசங்கமே இருக்கிறது. உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று படித்து முடித்ததும் புரிந்தது.

நான் இங்கே அங்கன்வாடி டீச்சர். இருபத்தாறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற உத்தியோகம். வீட்டுக்காரர் சாமுவேல் இறந்து ஆறு வருஷமாகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சம்பளம் வாங்கிப் பிள்ளை பார்க்கிறவளுக்கு வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்றுதான் வளர்ப்புத் தாயாக எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரவீனா நன்றாகச் சாப்பிடுகிறாள். பதினாறு கிலோ. கத்தரிக்காயைப் பார்த்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். வண்டிச் சத்தத்துக்கு முன்பு பயந்தாள், இப்போது இல்லை. மூன்றாவது கேள்வி. அவள் கேட்பதில்லை தம்பி. சின்னப் பிள்ளைகளின் மனசு அப்படி. சந்தோஷமாக விளையாடுகிறாள், சிரிக்கிறாள். நீங்கள் அதை நினைத்து அங்கே உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு இப்போது படித்துக் காட்டப் போவதில்லை. சமயம் வரும்போது சொல்கிறேன்.

அன்புடன்,
சுகாசினி சாமுவேல்


உ

வேலூர்
21.7.2024

சுகாசினி அக்காவுக்கு,

வணக்கம். நலம். நீங்களும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

பதில் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பதினாறு கிலோ என்று எழுதியிருந்ததைப் பக்கத்துக் கைதிகளிடமெல்லாம் சொன்னேன். ஒருத்தர், "ஒரு நூல் மூட்டை மாதிரி இருக்கும்பா" என்றார். அவரும் காஞ்சிபுரம் பக்கம்தான், பெயர் ஷரீஃப்.

அவள் என்னைக் கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது அக்கா. அன்றைக்குப் பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை, அது என் பாடு. அவளுக்கு நல்லது.

இங்கே தறிக் கொட்டகை இருக்கிறது. பட்டில்லை, பருத்தி விரிப்புதான். பிள்ளையார்பாளையத்தில் பதினைந்து வருஷம் பட்டு நெய்த கைக்கு இது சாக்கு தைப்பது போல. மீந்த நூலில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடாத் துண்டு நெய்து அனுப்பியிருக்கிறேன். சிவப்பும் மாம்பழ மஞ்சளும். இடுப்புக்குக் கட்டலாம், தலைக்கும் கட்டலாம். நான் நெய்யும்போது பிரவீனா என் பக்கத்தில் தறிக் குழி ஓரமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பாள். நெய்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். எத்தனை தடவை திட்டினாலும் கையை எடுக்க மாட்டாள்.

அந்தத் துண்டில் நடுவே ஒரு கோடு தெரியும். பாதியில் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள், அதற்குள் ஷரீஃப் பாய் ஆசையாக உட்கார்ந்து ஒரு விரலளவு நெய்துவிட்டார். ஒவ்வொருவர் கை அடி ஒவ்வொரு மாதிரி. கை மாறினால் துணி காட்டிக்கொடுத்துவிடும். பிரித்துவிடலாம் என்று பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

பிள்ளையிடம் கொடுங்கள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

முனிரத்தினம்


திருப்புட்குழி
18.8.2024

தம்பிக்கு,

இருவரும் சுகம். உங்களுக்குச் சளி இருமல் ஏதும் இல்லையே? வேலூர் வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய துண்டு வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. நன்றி.

பிரவீனா ஒன்றாம் வகுப்பு. 'அ' போடச் சொன்னால் யானை மாதிரி போடுகிறாள், தும்பிக்கை வாசல் வரை போகிறது. அவளுடைய வகுப்பு டீச்சர் என்னிடம் படித்த பெண், அதனால் என்னிடம் குறை சொல்லப் பயப்படுகிறாள். என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிடுகிறாள் பிரவீனா. அம்மா என்று கூப்பிடு என்று நான் சொல்லவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் மெயின் ரோடு வரை நடந்துவிட்டு வருகிறோம். அவளுக்கு பஸ் பார்க்கப் பிடிக்கும். காற்று வாங்கின மாதிரியும் இருக்கும். மற்றபடி குறையொன்றுமில்லை. நிம்மதியாக இருங்கள்.

சுகாசினி


உ

வேலூர்
6.10.2024

அக்காவுக்கு வணக்கம்,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் அதைப் பற்றி எழுதியதில்லை, ஆனால் அங்கன்வாடியில் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறவர்களுக்கு வராமல் இருக்காது. நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேயுங்கள்.

ஒரு விஷயம் இரண்டு மாதமாக மனதில் ஓடுகிறது. எழுதுவதா வேண்டாமா என்று பார்த்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பாதிப் புடவையில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் தறி சும்மாதான் கிடக்கும். இன்னொருத்தனை உட்கார விட மாட்டார்கள். கோடு விழுந்துவிடும், புடவை கெட்டுப் போகும். ஆனால் முதல் கஜத்துக்குள் கை மாறிவிட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். உடுத்தும்போது அந்தப் பாகம் இடுப்புக்குள் செருகிப் போய்விடும். கோடு இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

பிரவீனாவுக்கு ஐந்தரை வயது. இன்னும் முதல் கஜம்தான் அக்கா. என்னை அவள் கேட்பதில்லை. நன்றாக இருக்கிறாள். தண்டனைக் குறைப்பு போக நான் வெளியே வரும்போது ஏழு வயதாகிவிடும். பெண்டாட்டியைக் கொன்ற குடிகாரன் என்ற பெயரோடு வந்து, விவரம் தெரிந்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கோடு அவள் ஆயுசுக்கும் மறையாது.

அவளை உங்கள் பெயருக்கே எழுதி வைத்துவிட வழி இருக்கிறதா? உங்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி போதும். நான் வேறு மாதிரி யோசிப்பேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
முனிரத்தினம்


திருப்புட்குழி
3.12.2024

தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். மழை. அங்கன்வாடிக் கூரை ஒழுகி, அரிசி மூட்டையை இடம் மாற்றவே எனக்குப் பத்து நாள் ஆனது. பிறகு எனக்குக் காய்ச்சல். பிரவீனாவுக்கு ஒன்றுமில்லை, நான் படுத்திருந்தபோது அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி தம்ளர் வழியிலேயே சிந்திவிடும், மீதிப் பாதிக்கு ரொம்பப் பெருமை.

முழங்கால் வலி இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நல்லெண்ணெய் தேய்த்தேன், தேவலை.

கிறிஸ்துமஸுக்கு சபையில் பிள்ளைகளின் நாடகம். பிரவீனா ஆட்டுக்குட்டி. ஒரே ஒரு 'மே' சொல்ல வேண்டும், அதற்கு ஒரு மாதமாக ஒத்திகை நடக்கிறது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இது உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று யோசித்தேன். பொங்கலுக்கு அவளுக்குப் புதுப் பாவாடையும் எடுத்திருக்கிறேன், கோவிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு அனுப்புவேன்.

நீங்கள் எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலம், தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுகாசினி


உ

வேலூர்
12.1.2025

அக்காவுக்கும் பிரவீனாவுக்கும் பொங்கல் வாழ்த்து.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் கேட்டதற்கு நீங்கள் ஆம் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது அக்கா. பெண் கேட்டுப் போனால் பெரியவர்கள் வாயைத் திறந்து சரி என்று சொல்ல மாட்டார்கள், சாப்பிடுங்கள் என்று பேச்சை மாற்றுவார்கள். நானும் அந்த மாதிரிக் குடும்பத்தில்தானே பிறந்தேன்.

நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். இப்போது கேட்காதீர்கள். நல்ல சேதியாக உங்கள் வீட்டு வாசலுக்கே வரும். அதுவரைக்கும் இது என் பொங்கல் சீராக இருக்கட்டும்.

ஆட்டுக்குட்டி ஒழுங்காக 'மே' சொன்னதா என்று மட்டும் எழுதுங்கள்.

முனிரத்தினம்


திருப்புட்குழி
9.2.2025

தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆட்டுக்குட்டி இரண்டு தடவை 'மே' சொன்னது. இரண்டாவது 'மே' பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே. சபையே சிரித்தது, பாஸ்டரும் சிரித்தார்.

நேற்று அவளுக்கு முன்பல் விழுந்தது. கீழ்ப்பல். பயப்படவே இல்லை. கூரை மேல் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் வீடு மாடி வீடு, கூரைக்கு எங்கே போவது? கடைசியில் அங்கன்வாடிக் கூரையில் போட்டுவிட்டு வந்தோம். இப்போது சிரித்தால் கதவு திறந்த மாதிரி இருக்கிறது.

நல்ல சேதி என்று எழுதியிருந்தீர்கள். என்னவென்று நானும் கேட்கவில்லை. முன்கூட்டி விடுதலை செய்கிறார்களோ என்று நினைத்தேன். அப்படியானால் சந்தோஷம்தான்.

சுகாசினி


திருப்புட்குழி
11.3.2025

முனிரத்தினம்,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்று காலை ஆபீசர் மேடம் வந்தார்கள். ஜனவரி மூன்றாம் தேதி நீங்கள் பிரவீனாவைச் சட்டப்படி ஒப்புக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. நகலைக் காட்டினார்கள். இரண்டு மாதத்துக்குள் மனசு மாறினால் தகப்பன் திருப்பிக் கேட்கலாமாம். மார்ச் நாலாம் தேதியோடு அது முடிந்துவிட்டது. இனி அவள் பெயர் தத்துக் கேட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியலுக்குப் போகிறது. எந்த ஊரில் எந்தக் குடும்பம் என்று தெரியாது.

எனக்குக் கொடுக்க மாட்டார்கள். ஐம்பத்து நாலு வயது, தனியாள். வளர்க்கலாம், தத்தெடுக்க முடியாது. இது எனக்கு இன்றைக்குத் தெரிந்ததில்லை. பிள்ளையைக் கையில் கொடுத்த முதல் நாளே சொன்னார்கள். அக்டோபரில் நீங்கள் கேட்டபோது ஒரே வரியில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 'உங்கள் பெயருக்கே எழுதி வைக்க வழி இருக்கிறதா' என்று என்னிடம் ஒருவர் கேட்டது பிடித்திருந்தது. முடியாது என்று எழுதினால் அந்தக் கேள்வி அதோடு முடிந்துவிடும். அதனால் ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதினேன்.

இன்னும் இருக்கிறது. அவள் உங்களைக் கேட்பதில்லை என்று எழுதினேனே, பொய். வந்த நாளிலிருந்து கேட்கிறாள். அப்பா வேலூரில் இருக்கிறார் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு நடக்கிறோம் என்று எழுதினேனே, காற்று வாங்க இல்லை. வேலூர் பஸ்ஸுக்கு. அவள் போய் நிற்பாள், நான் கூடப் போவேன். மழை பெய்தால் குடையோடு. முதலில் கண்டக்டரிடம், "எங்க அப்பா வந்துக்கினு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கேட்பதில்லை, பஸ் நிற்பதற்கு முன்பே அவர் படியிலிருந்து இல்லை என்று தலையாட்டிவிடுவார். "நாளைக்கு வருவாரு" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். அழுதால்கூடத் தாங்கியிருப்பேன். பல் விழுந்த அன்று, அதைக் கூரையில் போட மாட்டேன், அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாதி நாள் அவளைச் சமாதானம் செய்துவிட்டு, உங்களுக்கு அந்தச் சிரிப்பை மட்டும் எழுதினேன்.

நீங்கள் நெய்து அனுப்பிய துண்டு என் பீரோவில் சாமுவேலின் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அவளிடம் கொடுக்கவில்லை. அவள் ஏங்குவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிறையில் இருப்பவருக்கு அழுகையை எழுதக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பாதிதான். அவள் உங்களை மறந்தால் என்னிடம் இருப்பாள் என்று நினைத்தேன். அதுதான் மீதி.

உடனே மனு எழுதுங்கள். இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நான் பொய் சொன்னதால்தான் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதுங்கள். நாளைக்கே நான் குழந்தைகள் நலக் கமிட்டி முன்னால் போய் நின்று இதையே சொல்கிறேன். என்னை என்ன செய்தாலும் செய்யட்டும்.

சுகாசினி


வேலூர்
20.3.2025

சுகாசினி அக்காவுக்கு,

மனு கொடுத்தேன். உங்கள் கடிதத்தையும் வைத்துத்தான் கொடுத்தேன். நேற்று பதில் வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு சட்டம் என்னைத் தகப்பனாகப் பார்ப்பதில்லை. இரக்கமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பதில் அதுதான்.

கையெழுத்து வாங்கிய மேடத்தின் மேல் தப்பில்லை. எல்லாவற்றையும் படித்துக் காட்டினார்கள். இரண்டு தடவை, "நல்லா யோசிச்சீங்களா, அந்த அம்மா கிட்ட பேசிட்டீங்களா?" என்று கேட்டார்கள். பேசிவிட்டேன் என்றேன். எங்கே போவாள் என்று நான் கேட்கவே இல்லை. இருக்கிற வீட்டில்தானே இருப்பாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். படித்துக் காட்டும்போது என் மனசெல்லாம் உங்கள் முகம் எப்படி மலரும் என்பதில் இருந்தது. உங்கள் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

ஒன்று மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது. அன்றைக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அதில் நீங்கள் பல் விழுந்ததை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நான் செய்தது சரிதான் என்று சந்தோஷப்பட்டேன்.

புவனா வண்டியை ஓட்டாதே என்றாள். அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை. உங்களிடம் நான் கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே என் பிள்ளை போய்விட்டது.

இனிமேல் எழுத வேண்டாம். துண்டை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

முனிரத்தினம்


திருப்புட்குழி
17.8.2025

தம்பி முனிரத்தினத்துக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை எழுதாமல் இருக்க எனக்கு உரிமையில்லை. உங்கள் சுகத்துக்காக தினமும் ஜெபிக்கிறேன்.

நேற்று பிரவீனாவை அழைத்துப் போனார்கள். கமிட்டிக்கு நாலு தடவை நடந்தேன். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், எதுவும் மாறவில்லை. வந்தவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து அவளிடம் ஹிந்தியில் பேசினாள். பிரவீனா எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டினாள். ஊர் எது என்று எனக்குச் சொல்லவில்லை. விலாசம் கேட்டேன், தரக் கூடாதாம். பத்தொன்பது கிலோ. கத்தரிக்காய் பிடிக்காது என்று ஒரு காகிதத்தில் எழுதி அந்தப் பெண்ணின் பையில் வைத்தேன். தமிழில் எழுதிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

துண்டைக் கொடுத்தேன். மார்ச்சிலேயே கொடுத்துவிட்டேன். "உன் அப்பா நெய்தது" என்று உண்மையைச் சொல்லிக் கொடுத்தேன். மடியில் விரித்து வைத்து, ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். நீங்கள் எழுதிய அதே மாதிரி. நடுவில் அந்தக் கோடு வந்ததும் விரல் நின்றது. "டீச்சரம்மா, இங்க அப்பா இல்ல" என்றாள். அதைத் தாண்டியதும், "இதோ இருக்காரு" என்று மறுபடி தடவ ஆரம்பித்தாள். நான் அவளிடம் கோட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. சமையலறைக்குப் போய்விட்டேன்.

நேற்றும் அதை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் போனாள். கார் ஏறும் முன்பு, "அப்பா வந்தா நான் எந்த ஊருன்னு சொல்லி அனுப்புவியா?" என்று கேட்டாள். "அனுப்புறேம்மா" என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இத்தனை பட்டும், அந்த நேரத்தில் வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

உங்களிடம் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சுகாசினி


திருப்புட்குழி
7.12.2025

தம்பி முனிரத்தினத்துக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஆகஸ்டில் எழுதியதற்கும் அக்டோபரில் எழுதியதற்கும் பதில் இல்லை. இதற்கும் எதிர்பார்க்கவில்லை. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை உங்களை விடுதலை செய்கிறார்கள் என்று ஆபீசர் மேடம் சொன்னார்கள். பிள்ளையார்பாளையம் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வேலூரிலிருந்து காஞ்சிபுரம் வருகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் வரும். இங்கே இறங்குங்கள். அவளுடைய நோட்டுகள் இருக்கின்றன. யானை மாதிரி போட்ட 'அ' எல்லாம் இருக்கிறது. ஆட்டுக்குட்டி வேஷத்தில் எடுத்த போட்டோ இருக்கிறது. அங்கன்வாடிக் கூரையில் போட்ட பல் பலகை இடுக்கில்தான் கிடந்தது, ஏணி போட்டு எடுத்து ஒரு சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன். உங்களிடம் காட்ட வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். இதெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியவை. என் வீட்டுக்குள் வர மனசில்லை என்றால் வேண்டாம், ஸ்டாப்பிலேயே கொடுத்துவிடுகிறேன். என்னிடம் பேச வேண்டியதும் இல்லை.

நான் இப்போதும் ஐந்து மணிக்குப் போய் நிற்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் அந்த நேரம் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பஸ் வரும்போது அந்தக் கண்டக்டர் வழக்கம்போல படியில் நின்று இல்லை என்று தலையாட்டுவார். பிள்ளை கூட்டத்தில் என் பின்னால் எங்கேயோ நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போய்விட்டாள் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஆட்டிய தலை, நான் சொன்னதும் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை அந்த பஸ்ஸில் வந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். டிக்கெட் வாங்கும்போது நீங்கள் யார் என்று அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால், பஸ் நின்றதும் உங்களுக்கு முன்னால் இறங்கி அவளைத் தேடுவார்.

இப்படிக்கு,
சுகாசினி